பெண்டிகோ தூபியும் நாகப்பட்டினத்துக் கோபுரமும்

மெல்பனில் இப்போது ஞாயிறு இரவு எட்டு மணி. லண்டனில் இருப்பவர்களுக்கு முற்பகல். டொராண்டோ நண்பர்களுக்கு இன்னும் சரியாக விடிந்திருக்காது. தூக்கத்தை விட்டுத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் நன்றி.

பயணத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். நான் பெரிய பயணி இல்லை. மல்கிரேவில் வீடு, முதியோர் இல்லத்தில் வேலை, விடுப்பு கிடைத்தால் ஊர். அவ்வளவுதான் என் உலக வரைபடம். அதனால் ஒரே ஒரு நாள் பயணத்தைப் பற்றிப் பேசுகிறேன். குடும்பத்தோடு பெண்டிகோவில் இருக்கும் பெரிய புத்தத் தூபிக்குப் போனோம். அங்கே என் மாமி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்கும் மணிமேகலைக்கும் போய்வரலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. நான் நாகப்பட்டினம் பக்கம். வேளாங்கண்ணி மாதா கோவில் கொடியேற்றத்தை வைத்து வருஷத்தைக் கணக்குப் பண்ணுகிற ஊர். என் கணவர் யாழ்ப்பாணம், வலிகாமம் வடக்கு. மாமி, அதாவது என் மாமியார், 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து, பல வீடுகள் மாறி, கடைசியில் எங்களோடு மல்கிரேவுக்கு வந்தவர். நாங்கள் எல்லோரும் கத்தோலிக்கர்கள். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஆறாம் வகுப்பு.

பயணம் அவளால்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் உலக மதங்களைப் பற்றி ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு வழிபாட்டுத் தலத்தை நேரில் பார்த்து எழுத வேண்டும். அவளுடைய பங்குக்குப் பௌத்தம் வந்தது. மல்கிரேவில் இருப்பவர்களுக்கு அது கஷ்டமான வேலையே இல்லை. பக்கத்தில் ஸ்ப்ரிங்வேல். 1970இல் அங்கே எண்டர்பிரைஸ் என்ற பெயரில் ஒரு குடியேறிகள் விடுதி திறந்தார்கள். 1992இல் மூடும் வரையில் வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்த எத்தனையோ அகதிகள் முதலில் தலை சாய்த்த இடம் அது. அவர்கள் அந்த வட்டாரத்திலேயே தங்கினார்கள், கடை வைத்தார்கள், கோவில் கட்டினார்கள். கீஸ்பரோவில் சிங்களவர்களின் விகாரை இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம் போனால் மூன்று நாட்டுப் புத்தர்களைப் பார்த்துவிடலாம்.

இருபது நிமிடத்தில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் பெண்டிகோவுக்கு ஏன் போனோம்? பிள்ளைகள் இதைக் கேட்டார்கள். பெரியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டில் மாமி இருக்கும்போது விகாரை என்ற சொல்லை நாங்கள் மெதுவாகத்தான் சொல்வோம். பெண்டிகோவில் இருப்பது திபெத்திய மரபு. அதற்கு இலங்கையின் சாயல் இல்லை. அதுதான் காரணம். மாமியும் காரில் ஏறினார். ஏறும்போதே சொல்லிவிட்டார்: "நான் படம் பார்க்க வரேல்லப் பிள்ளை. காத்து வாங்க வாறன்."

கால்டர் நெடுஞ்சாலையில் வடமேற்காகப் போனால் புல்வெளியும் கிரானைட் பாறையும் முடிந்து யூகலிப்டஸ் காடு தொடங்குகிறது. பெண்டிகோ ஊருக்குச் சற்று வெளியே, காட்டுக்கு நடுவில், வெள்ளையாக எழுந்து நிற்கிறது தூபி. திபெத்தில் கியான்ட்சே என்ற ஊரில் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த தூபியின் அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். அடித்தளம் பக்கத்துக்கு 50 மீட்டர், உயரம் 48 மீட்டர். கண்ணால் பார்க்காமல் இந்த எண்கள் புரிவதில்லை. சுற்றிலும் இருக்கும் மரங்கள் எல்லாம் குள்ளமாகத் தெரிகின்றன.

உள்ளே பச்சை மாணிக்கப் புத்தர் இருக்கிறார். 2000இல் கனடாவில் கிடைத்த ஒரு பெரிய ஜேட் பாறையிலிருந்து தாய்லாந்தில் செதுக்கிய சிலை. சிலை மட்டும் இரண்டரை மீட்டர், நான்கு டன். இந்த புத்தர் வந்தவுடன் கோவிலில் உட்காரவில்லை. 2009இல் வியட்நாமில் தொடங்கி உலகத்தைச் சுற்றிவிட்டு 2018இல்தான் பெண்டிகோவில் அமர்ந்தார். நம்மில் பலரைப் போலத்தான் என்று என் கணவர் சொன்னார். நாலைந்து நாடு பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவில் செட்டில்!

நானும் பிள்ளைகளும் உள்ளே போனோம். செருப்பைக் கழற்றினோம். மகள் குறிப்பு எடுத்தாள். நான் ஜெபிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி நேர ஷிஃப்டில் மணியும் பஸ்ஸரும் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. வெளியே வந்தால், மாமி ஒரு மரத்தடிப் பெஞ்சில் ஃபிளாஸ்க் தேநீரோடு உட்கார்ந்து தூபியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும் கேட்டார்:

"இந்தக் காணி ஆரிட்ட வாங்கினவை?"

எனக்குத் தெரிந்திருந்தது. முந்தின இரவு மகளோடு உட்கார்ந்து படித்திருந்தோம். இந்த இடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இயன் கிரீன் என்ற ஆஸ்திரேலியர். லாமா துப்டென் யெஷே என்ற திபெத்தியத் துறவியின் சீடர். நிலம் அவருடைய அப்பா கொடுத்தது.

"வாங்கலை மாமி. அவங்க சொந்த நிலம். அப்பா கொடுத்தாராம்."

"அதுக்கு முதல்?"

அதற்கு என் மகள் பதில் சொன்னாள். "ஜா ஜா வுரங் மக்களோட நிலம் அப்பம்மா. எங்க ஸ்கூல்லயும் எப்பவும் சொல்லுவோம், இது யாரோட நிலம்னு."

மாமி தேநீர்க் கோப்பையை மூடினார். "சொல்லுறது நல்லது. கேக்கிறது வேற. அவையளிட்டக் கேட்டவையோ?"

இந்தக் கேள்வியைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாமி எங்கிருந்து கேட்கிறார் என்பது உங்களில் பலருக்கு விளங்கியிருக்கும். தையிட்டி அவருக்குப் பக்கத்து ஊர். 1990இல் சனங்கள் வெளியேறிய பிறகு உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த பகுதி. அங்கே இராணுவத்தின் துணையோடு ஒரு விகாரை எழுந்தது. அது எங்கள் உறுதிக் காணி என்று உரிமையாளர்கள் 2023இலிருந்து போயா நாட்களில் அங்கே கூடிப் போராடுகிறார்கள். அந்தப் படங்கள் மாமியின் கைபேசிக்கு வந்தபடி இருக்கின்றன. அவர் பெண்டிகோவில் உள்ளே வராமல் இருந்தது புத்தர் மேல் உள்ள கோபத்தால் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவர் புத்தரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. காணியைப் பற்றித்தான் கேட்டார்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கேள்வி புத்தருக்கு மட்டும் உரியது அல்ல. பெண்டிகோவில் 1851இல் தங்கம் கிடைத்தது. உலகமே வந்து தோண்டியது. ஜா ஜா வுரங் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. விக்டோரிய அரசு அவர்களோடு ஓர் அங்கீகார உடன்பாட்டுக்கு வந்தது 2013இல். தங்கம் தேடி வந்த சீனர்கள் 1871இல் கட்டிய ஒரு சின்னச் சிவப்புக் கோவில் அதே ஊரில் இன்றும் இருக்கிறது. அதைக் கட்டியவர்களும் வந்தேறிகள்தான். நாமும்தான். மல்கிரேவில் என் வீட்டுப் பத்திரத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கும் அதே பதில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேட்டீர்களா என்ற இதே கேள்வியைத் தடியாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இதே பெண்டிகோவில் 2014இல் ஒரு பள்ளிவாசல் கட்ட நகரசபை அனுமதி கொடுத்தது. 2015இல் அதற்கு எதிராக வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்து ஊர்வலம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்ற வாசல் வரைக்கும் போய் 2016இல் முடிந்தது. எங்களைக் கேட்டீர்களா என்றுதான் அவர்களும் கேட்டார்கள். மாமியின் கேள்வியும் அவர்களின் கேள்வியும் ஒன்றா? இல்லை. மாமி கேட்பது நிலத்தை இழந்தவருடைய கேள்வி. அவர்கள் கேட்டது, அடுத்தவர் தன் நிலத்தில் தன் சாமியைக் கும்பிடுவதற்கு என்னிடம் அனுமதி வாங்கு என்பது. சொல் ஒன்று, பொருள் வேறு. இந்த வித்தியாசத்தை நாம் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நம் நியாயத்தையே நாம் இன்னொருவரின் மேல் எறிவோம்.

இனி நாகப்பட்டினத்துக்கு வருகிறேன். மாமியின் கேள்வியை என் ஊருக்கு எடுத்துப் போனால் என்ன கிடைக்கும் என்று தேடினேன். இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒன்று பெருமைப்பட வைக்கும். மற்றது அப்படி இல்லை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்ற பெரிய பௌத்தப் பள்ளி எழுந்தது. கட்டியவர் கடலுக்கு அப்பால் இருந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் மாறவிஜயோத்துங்கவர்மர். தன் தந்தை சூடாமணிவர்மரின் பெயரால் கட்டினார். இங்கே ஆட்சியில் இருந்தவர் முதலாம் ராஜராஜன், தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய அதே சிவபக்தர். அந்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை அவர் விட்டுக்கொடுத்தார். அதன் ஆவணம்தான் ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்றும் பெயர். 21 ஏடுகள். ஐந்து வடமொழி, பதினாறு தமிழ். நாம் நிலத்தை அளக்க சர்வேயரைக் கூப்பிடுவதுபோல, அவர்கள் ஒரு பெண் யானையை நடத்தி அந்த ஊரின் எல்லையைக் குறித்தார்கள். அதைப் பிடிசூழ்தல் என்பார்கள். ஊர் அதிகாரிகளும் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டார் ஒருவரின் வேற்று மதக் கோவிலுக்கு, எல்லை எது, வரி எவ்வளவு என்று இவ்வளவு விரிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊர் உழவர்களிடம் ராஜா கேட்டிருப்பாரா என்று மாமி கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் தெரியச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

இரண்டாவது பதில் 1867. நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் மூன்று நிலைகள் கொண்ட ஒரு செங்கல் கோபுரம் பாழடைந்து நின்றது. வெள்ளைக்காரர்கள் அதைச் சீனப் பகோடா என்றார்கள். கப்பல்காரர்களுக்கு அது கரை அடையாளம். 1846இல் வால்டர் எலியட் என்ற அதிகாரி அதைப் பார்த்து, பிற்காலத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபுரம் இருந்த இடம் சேசு சபைக் குருக்களின் கல்லூரிக்கு அருகில் இருந்தது. 1844இல் நாகையில் தொடங்கி 1883இல் திருச்சிக்குப் போன அதே தூய வளனார் கல்லூரி. இடியும் நிலையில் இருக்கிறது, இடித்துவிட்டுச் செங்கல்லைக் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று குருக்கள் சென்னை அரசிடம் கேட்டார்கள். அரசு சம்மதித்தது. 1867இல் கோபுரம் போனது.

அந்த வட்டாரத்தில் மண்ணுக்குள்ளிருந்து வெண்கலப் புத்தர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 350 படிமங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பலவற்றைப் பார்க்கலாம். நான் பிறந்து வளர்ந்தது அந்த மண்ணில். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற ஒவ்வொரு வருஷமும் நாகையைத் தாண்டித்தான் போவோம். இங்கே ஒரு புத்தர் கோபுரம் இருந்தது என்று வீட்டிலோ கோவிலிலோ யாரும் சொன்னதில்லை.

இங்கே கவனியுங்கள். சேசு சபையார் கேட்காமல் இடிக்கவில்லை. முறையாக மனுப் போட்டுக் கேட்டார்கள். யாரிடம்? கவர்னரிடம். கோபுரத்தைக் கும்பிட அப்போது நாகையில் யாரும் இல்லை. ஆனால் கடல் கடந்த பௌத்த சமூகம் பர்மாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் உயிரோடுதான் இருந்தது. கேட்பது மட்டும் போதாது, யாரிடம் கேட்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது என்று எனக்குக் காட்டியது இந்த 1867. ஒரு கத்தோலிக்கப் பெண்ணாக இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தையிட்டிக்காக நியாயம் கேட்கிற வீட்டில் நாகையைப் பற்றியும் பேச வேண்டும்.

கடைசியாக மணிமேகலை. காரில் திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "அம்மா, தமிழ்ல புத்தர் இருக்காரா?" சிரிப்பு வந்தது. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றே இருக்கிறதே! மல்கிரேவ் வரைக்கும் கதை சொன்னேன். கதையைச் சொல்லச் சொல்ல, மாமியின் கேள்வி அதற்குள் இருப்பதைக் கண்டேன்.

மணிமேகலைக்கு மணிபல்லவத் தீவில் அமுதசுரபி கிடைக்கிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. பின் இருக்கையிலிருந்து மாமி, "அது குறிகட்டுவானிலயிருந்து வள்ளத்தில போற இடம்" என்று சேர்த்துக்கொண்டார். சரி, அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருக்கிறது. உடனே கொடுக்கத் தொடங்கலாமே? முடியாது. முதலில் அந்தப் பாத்திரத்தில் ஒருவர் பிச்சை இட வேண்டும். மணிமேகலை போய் ஆதிரையின் வீட்டு வாசலில் நிற்கிறாள். ஆதிரை இட்ட பிறகுதான் அது ஊருக்குச் சோறு போடுகிறது. யானைத்தீ என்னும் தீராப் பசி நோயால் வாடிய காயசண்டிகையின் பசி தீர்கிறது. அதன் பிறகு மணிமேகலை சிறைச்சாலைக்குப் போகிறாள். அரசனிடம் கேட்கிறாள், சிறை அறச்சாலை ஆகிறது.

அதற்கு முன்பு அந்தப் பாத்திரம் ஆபுத்திரன் கையில் இருந்தது. நல்ல மழை பெய்து நாடு செழித்தபோது சோறு வாங்க ஆளே இல்லை. வேண்டுமா வேண்டுமா என்று கேட்டு அலைகிறான். பசித்தவர்களைத் தேடிக் கடல் கடந்து சாவகத்துக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் தனியாக விடப்பட்டு, அமுதசுரபியை நீரில் விட்டுவிட்டு, பட்டினி கிடந்து உயிர் விடுகிறான். தேவைப்படாதவர் மேல் அவன் எதையும் திணிக்கவில்லை.

இந்தக் காப்பியத்தில் பௌத்தம் என்பது கையில் பாத்திரத்தோடு வாசலில் நின்று கேட்கிறது. பிட்சு என்ற சொல்லே பிச்சை எடுப்பவர் என்றுதான் பொருள் தருகிறது. கேட்டு வாழ்வதுதான் அந்தத் துறவின் அடிப்படை. அப்படியானால், அடுத்தவர் காணியில் கேட்காமல் எழும் விகாரை முதலில் புத்தரிடமே முரண்படுகிறது. இதை நான் சொல்லவில்லை, நம் காப்பியம் சொல்கிறது. எங்கள் பக்கமும் இதே கணக்குத்தான். ஊர் ஊராகப் போகும் சீடர்களிடம், ஏற்றுக்கொள்ளாத ஊரில் கால் தூசியை உதறிவிட்டு வெளியேறுங்கள் என்றுதான் இயேசுவும் சொன்னார். அங்கேயே கோபுரம் கட்டச் சொல்லவில்லை.

என் தொழிலில் இது தினசரிப் பாடம். நர்சிங் டிப்ளமாவில் ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கற்றேன். இங்கே முதியோர் இல்லத்துக்கு வந்த பிறகு அதற்கு முன்னால் இன்னொன்று இருப்பதைக் கற்றேன். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். நினைவு தப்பிய பாட்டியாக இருந்தாலும், "கையைப் பிடிக்கட்டுமா, கஞ்சி ஊட்டட்டுமா" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும், பத்து நிமிடம் கழித்து மறுபடி வர வேண்டும். நன்மை செய்கிறேன் என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. கஞ்சிக்கே அப்படியென்றால் காணிக்குக் கேட்க வேண்டாமா?

இலக்கியக் கூட்டம் என்பதால் இரண்டு பேரை நினைவுபடுத்தி முடிக்கிறேன். உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். அவர் சைவர். பௌத்தம் அவருக்குப் புரியவில்லை. மளூர் ரங்காசாரியாரிடம் போய்க் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவரோ வைணவர். ஒரு சைவர் ஒரு வைணவரிடம் பௌத்தம் கேட்டதால் நமக்கு மணிமேகலை கிடைத்தது. அடுத்து மயிலை சீனி. வேங்கடசாமி. 1936இல் 'கிறித்தவமும் தமிழும்' எழுதினார், 1940இல் 'பௌத்தமும் தமிழும்' எழுதினார். என்னுடைய மதத்தையும் நான் மறந்துபோன மதத்தையும் ஒரே மனிதர், ஒரே மரியாதையோடு எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் தேடிப் படியுங்கள். பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்ல உதவும்.

மகளின் கட்டுரை முடிந்தது. தூபியின் உயரமும் ஜேட் புத்தரின் எடையும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: எந்தக் கோவிலுக்குப் போனாலும் இது யாருடைய நிலம், அவர்களிடம் கேட்டார்களா என்று என் அப்பம்மா கேட்பார். ஆசிரியை அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, நல்ல கேள்வி என்று எழுதியிருந்தார். மாமியிடம் வாசித்துக் காட்டினோம். அடுத்த முறை கீஸ்பரோவுக்குப் போனால் அங்கேயும் கேட்கலாம் என்றார். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

இனி நீங்கள் பேசுங்கள். குறிப்பாக, தையிட்டி பக்கத்து ஆட்கள் யாராவது இணைப்பில் இருந்தால் உங்கள் குரலைக் கேட்க ஆசை. மாமியும் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார்.